உடும்பு விட்ட பிடி

கோடை வந்தால் பாறைக்குளம் சுருங்கிவிடும். யார் முதலில் குடிப்பது என்பதைத் தாயச் சண்டைதான் முடிவு செய்யும். நடுவில் உட்கார்ந்து ஆமை தாயக்கட்டையை உருட்டும். பன்னிரண்டு விழுந்தால் பாய்ந்து அடிக்கலாம். ஒன்று விழுந்தால் எதிரியைப் பிடிக்க மட்டும் செய்யலாம். வேறு எது விழுந்தாலும் கடியும் கீறலும்தான். துணைக்கு ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசி அடி யாருடையதோ, அவர் இனம் முதலில் இறங்கும். மற்றவர்களுக்கு மிச்சம்.

மேற்குக் கரைக்குக் காட்டுப்பூனை ஆடியது. கிழக்குக் கரைக்குக் காட்டுச்சேவல். சேவலுக்குப் பன்னிரண்டு விழும்போதெல்லாம் பூனை சட்டென்று ஒதுங்கிவிடும். சேவலின் கால்முள் காற்றைத்தான் கிழிக்கும். கிழக்குக் கரை வருஷா வருஷம் தோற்றது.

ஒரு கோடையில் சேவல் அதே கரையில் இருந்த உடும்பின் வளைக்கு வந்தது.

"அண்ணே, ஒண்ணு விழுந்ததும் நீங்க பூனை காலைக் கவ்விக்கங்க. பன்னிரண்டு விழுற வரைக்கும் விடாதீங்க. அப்புறம் என் அடி தப்பாது. உங்க குட்டிங்களும் எங்க குஞ்சுங்களும் ஒண்ணா இறங்கிக் குடிக்கட்டும்."

முந்தின கோடையில் தாகத்துக்குப் பறிகொடுத்தது போக, உடும்புக்கு ஒரே ஒரு குட்டிதான் மிச்சம். அது சம்மதித்தது.

ஒன்று விழுந்தது. உடும்பு பூனையின் பின்னங்காலைக் கவ்வியது. பன்னிரண்டு லேசில் வரவில்லை. அதுவரை பூனை உடும்பின் முதுகைப் பிய்த்தது. ஒரு கண்ணையும் தோண்டியது. உடும்பு விடவில்லை. கடைசியில் பன்னிரண்டு விழுந்தது. சேவல் எழும்பி ஒரே அறை அறைந்தது. பூனை நொண்டிக்கொண்டு ஓடியது.

உடும்பு ரத்தம் காயும் முன்பே குட்டியைக் கூட்டிக்கொண்டு குளத்துக்கு வந்தது.

"ஒதுங்கு உடும்பே" என்றது சேவல். அண்ணன் என்ற சொல் அதற்குள் காணாமல் போயிருந்தது. "கடைசி அடி என்னோடது. வழக்கத்தை நான் மாத்த முடியுமா? நீ சும்மா புடிச்சுக்கிட்டுக் கிடந்தே. அதுக்குப் பேரு சண்டையா?"

கோழிகள் கெக்கலித்தன. அவை குடித்து முடித்தபோது குளத்தில் சேறுதான் இருந்தது. உடும்பின் குட்டி அந்தச் சேற்றில் வாயைத் திறந்தபடியே செத்துக் கிடந்தது.

மறு கோடையில் சேவல் மறுபடியும் வளைக்கு வந்தது. "அண்ணே" என்றது. பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொல்லிப் பார்த்தது. உடும்பு எழுந்து அதன் கூடப் போயிற்று.

ஒன்று விழுந்தது. உடும்பு கவ்வியது. பூனை கிழித்தது. உடும்பு பொறுத்தது. பன்னிரண்டு விழுந்தது. சேவல் இறக்கையை அடித்துக்கொண்டு மேலே எழும்பியது.

அப்போது உடும்பு வாயைத் திறந்தது.

பூனை ஒதுங்கியது. சேவல் வெறும் பாறையில் மோதிக் கால் முறிந்து விழுந்தது. அடுத்த உருட்டில் பூனைக்கும் பன்னிரண்டு.

"ஏண்ணே விட்டீங்க?" என்று பூனையின் பல்லுக்கடியில் இருந்து சேவல் கேட்டது.

"புடிச்சுக்கிட்டுக் கிடக்குறது சண்டையே இல்லைன்னு நீதானே சொன்னே?"

பூனைக் கூட்டம் குளத்தில் இறங்கியது. அந்த வருஷமும் உடும்புக்குச் சேறுதான் கிடைத்தது. ஒற்றைக் கண்ணால் குளத்தைப் பார்த்தபடி அதை நக்கிக்கொண்டது.

பிடித்துக் கொடுத்தவனுக்குப் பங்கு தராதவன், அவன் பிடியை விடும்போது ஏன் என்று கேட்கக் கூடாது.