உடும்புப் பிடி

“கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கத்தான நானு? அதுக்கு எதுக்குத் தம்பி ஒரு மனுசன்? சுவத்துல ஒரு கொக்கிய அடிச்சு மாட்டிட்டுப் போயிரு!”

தவசிமுத்து போட்ட சத்தத்தில் சந்தில் நாலு ஜன்னல் திறந்தது.

மேஸ்திரி இருளப்பன் வடத்தை விரித்துப் பிரி விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மரம் வெட்டும் இந்தக் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தொன்று. மரக்கடையில் சுமை தூக்கித் தேறிய உடம்பு. ஒன்றரை வருஷமாகக் கீழேயே நிற்கிறார். ஒருநாள்கூட மேலே ஏற விட்டதில்லை. எரியாமல் என்ன செய்யும்?

அன்றைய மரம் ஒரு தூங்குமூஞ்சி. ஆட்டோ நுழையாத சந்து. ஒரு பக்கம் ஓட்டு வீடு, மறுபக்கம் தகரக் கூரை. இரண்டின் மேலும் கவிந்து கிடந்தது.

இப்படிப்பட்ட இடத்தில் கிளையை வெட்டிக் கீழே தள்ள முடியாது. கிளையில் வடத்தைக் கட்டி, மேலே ஒரு கவட்டை வழியாக இறக்கி, அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒருவர் பிடித்து நிற்க வேண்டும். வெட்டுப்பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து இறக்க வேண்டும்.

தவசிமுத்து விட மாட்டார். கோபம் வந்தால் அவர் கை இறுகிவிடும். கிளை அந்தரத்தில் டக்கென்று நிற்கும். அவருக்குக் கோபம் வராத நாள் என்று ஒன்றை யாரும் பார்த்ததில்லை.

“ஓட விடுங்கண்ணே, ஓட விடுங்க!” என்று மேலேயிருந்து இருளப்பன் கத்துவான்.

“விட்டா ஓடு போயிரும். இதுவரைக்கும் ஒரு ஓடு உடைஞ்சிருக்கா? உடும்புப் பிடி தம்பி!”

உடைந்ததில்லைதான்.

அன்று காலை வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, “ஏய் பெருசு, பூந்தொட்டி பத்திரம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அது போதாதா?

“இன்னைக்கு நான் ஏறுறேன். இல்லன்னா இதோட ஒரு கும்பிடு. வேற ஆளப் பாத்துக்க.”

இருளப்பன் தன் இடுப்புப் பட்டையைக் கழற்றி நீட்டினான்.

“ஏறுங்கண்ணே.”

தவசிமுத்துவுக்குத் திக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

“தகரத்துப் பக்கம் இருக்குற அந்தச் சின்னக் கொப்பு. அத மட்டும்” என்றான் இருளப்பன்.

ஏறினார். பட்டையை மரத்தோடு சேர்த்து மாட்டிக்கொண்டார். கிளையில் வடத்தைக் கட்டினார். ரம்பத்தைப் போட்டார். வீட்டுக்காரரின் கழுத்து என்று நினைத்துத்தான் அறுத்தார்.

கிளை முறிந்தது. ஒரு முழம் இறங்கியது.

டக்.

மொத்த மரமும் அவரைப் பிடித்து உலுக்கியது. பட்டை இடுப்பெலும்பில் ஏறியது. நெற்றி மரத்தில் மோதியது. ரம்பம் கை நழுவி, இடுப்போடு கட்டியிருந்த கயிற்றில் தொங்கியது.

“எந்த நாயிடா கயித்த விடாமப் பிடிச்சது? ஆளக் கொல்லப் பாக்குறியா?”

கீழே பார்த்தார்.

வடம் அடிமரத்தில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. இருளப்பன் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“யாரும் பிடிக்கலண்ணே. கொக்கி போதும்னீங்கள்ல. கட்டி வச்சிட்டேன்.”

தவசிமுத்து எப்படி இறங்கினாரோ தெரியாது. கையை ஓங்கிக்கொண்டு நேரே வந்தார்.

இருளப்பன் நகரவில்லை. சட்டையைத் தூக்கினான்.

விலாவிலிருந்து இடுப்பு வரைக்கும் பட்டை பட்டையாகக் கன்றிக் கிடந்தது. சில இடம் மஞ்சளாகியிருந்தது. சில இடம் கறுப்பு. ஒன்று இன்னும் நீலம்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. தவசிமுத்துவுக்கு அதே இடத்தில் எரிந்துகொண்டிருந்தது.

“இது போன மாசம், அந்தப் புளிய மரம்.” இருளப்பனுக்கும் கோபம்தான், ஒன்றரை வருஷக் கோபம். “இது வெள்ளிக்கிழம. இந்தா, இந்த நீலம். இது முந்தாநாளு, செவ்வாக்கிழம.”

சட்டையை இறக்கினான்.

“செவ்வாக்கிழம யாரு மேலண்ணே கோவம்?”

தவசிமுத்து யோசித்தார்.

எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.