கைத்தடி உயரம்

குட்டை மாடு என்றால் பண்ணையாருக்கு உயிர். மாடு எத்தனை குட்டையோ அவருக்கு அத்தனை பெருமை. ஒருநாள் விருந்தாளிகள் முன்னால் மாட்டுக்காரன் கொம்பையாவைக் கூப்பிட்டு, கட்டிக் கிடந்த புதுக் கன்றின் பக்கத்தில் தன் கைத்தடியை ஊன்றினார்.

"எத்தனை வயசானாலும் இது இந்தத் தடிக்கு மேல வளரக் கூடாது. வளர்ந்தா உனக்கு இங்க வேலை இல்லை."

கன்று தாயைப் பார்த்துக் கத்தியது. கொம்பையா தலையைச் சொறிந்தான்.

"அது பெரிய வித்தை இல்லை ஐயா. வயித்துக்குப் பாதிதான் போடணும். அப்படி வளர்ந்தது ஒண்ணு என் வீட்டுலயே நிக்குது. ஆறு வயசு முடிஞ்சாச்சு, இன்னும் இந்தத் தடியைத் தாண்டலை."

பண்ணையாருக்கு வாயெல்லாம் பல். "என்கிட்டயே மறைச்சு வச்சிருக்கியாலே? ஓடிப்போய்க் கூட்டிட்டு வா!"

கொம்பையா போய், தன் மகள் பேச்சியைக் கைபிடித்துக் கூட்டிவந்தான். தடியை ஒட்டி நிறுத்தினான். அவள் உச்சந்தலை தடியின் பிடிக்குச் சரியாக நின்றது.

"வேற எதுவும் போடலை ஐயா. உங்க களத்துல எனக்குக் கூலியா அளக்குற நெல்லு மட்டுந்தான்."

விருந்தாளி ஒருவர் கையிலிருந்த முறுக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டார். பண்ணையார் முகம் கறுத்தது. தடியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, "கன்னை அவுத்து விடுலே" என்றார்.

கன்று பாய்ந்து போய்த் தாயின் மடியை முட்டியது. கடைவாயில் நுரை வழியக் குடித்தது. பேச்சி எச்சிலை விழுங்கியபடி பார்த்துக்கொண்டே நின்றாள்.