கீபோர்டுக்குச் சூடம் காட்டிய கதை

சோம்பன்விளையில் ஒரு மெல்லிசைக் குழு இருந்தது. மூன்றே பேர். கீபோர்டு வாசிக்கும் தவமணிதான் தலைவர். டிரம்ஸ் அடிப்பவன் சுடலை, பாடுபவன் பவுன்ராஜ். பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று தடவை எழுதியவன் என்பதால், ஒரே தடவை எழுதியவர்களைவிடப் பவுன்ராஜுக்குப் படிப்பு அதிகம் என்று மற்ற இருவரும் நம்பினார்கள்.

கோயில் கொடைத் திருவிழா அன்று மதியம் கீபோர்டைப் போட்டுப் பார்த்தால், நாதஸ்வரம் கேட்க வேண்டிய இடத்தில் அது நாய் மாதிரிக் குரைத்தது. போன வருடக் கச்சேரியே பாதியில் நின்றுபோயிருந்தது. இந்த வருடமும் சொதப்பினால் மேடையைப் பக்கத்து ஊர்க் குழுவுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கோயில் கமிட்டித் தலைவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்கள். அவர் ஏதோ அவசரத்தில் இருந்தார்.

"உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கும். சூடு காட்டுனா கழண்டு வந்துரும். புதுசை வாங்கி அதே எடத்துல பத்த வையி. பழசை எடுத்ததும் மெமரியெல்லாம் போயிரும், பாத்துக்கோ."

பவுன்ராஜின் முகம் இருண்டது. "மெமரின்னா ஞாபகம், அண்ணாச்சி."

"யாருக்குல போவும்?"

"எடுக்கவனுக்குத்தான். கரண்டுல கை வச்சா வச்சவனுக்குத்தான ஷாக் அடிக்கும்?"



"சுடலை எடுக்கட்டும்," என்றார் தவமணி. "எந்தப் பாட்டுக்கு எப்ப அடிக்கணும்னே அவனுக்கு ஞாபகம் இருக்காது. நட்டமில்ல."

"எனக்குக் கல்யாணம் ஆனதுகூட மறந்துருமா?" என்று சுடலை கேட்டான்.

"மறந்துரும்."

"அப்ப நான் எடுக்கேன்!" என்று பவுன்ராஜ் பாய்ந்தான்.

"ஏல, எங்கிட்டல்லா சொன்னாவ?" என்று சுடலை அவன் சட்டையைப் பிடித்தான்.

சண்டை முற்றியதால் தலைவரே எடுப்பதென்று முடிவாயிற்று. தவமணி பயந்துதான் போனார். மனைவி ராசக்கனியின் முகம் மறந்துபோனால் ராத்திரிச் சோற்றுக்கு எந்த வீட்டுக்குப் போவது? ஆனாலும் மேடை பெரிதல்லவா.

"சூடுன்னா சொன்னாரு?" சுடலைக்குச் சந்தேகம். "சூடம்னு சொல்லிருப்பாரு. போன்ல 'ம்' விழுந்திருக்கும்."

"கோயில் கச்சேரில்லா. சூடந்தான் சரி," என்றான் பவுன்ராஜ்.

மூடியைத் திறந்து, ஒரு பாக்கெட் சூடத்தை மொத்தமாகக் கொளுத்திக் காட்டினார்கள். சுடலை தாளம் தப்பாமல் மணியடிக்க முயன்றான், முடியவில்லை. கீபோர்டில் இரண்டு கட்டைகள் உருகின. கடைசியில் பேட்டரியைப் பிடித்திருந்த ஈயமும் இளகியது. தவமணி கண்ணை இறுக மூடிக்கொண்டு திருப்புளியால் நெம்ப, பேட்டரி கழன்று வந்தது.

அடுத்து, கடையில் வாங்கி வந்த புதுசைப் பத்த வைக்க வேண்டும். ஒரு தீப்பெட்டி முழுக்கத் தீர்ந்தது. பேட்டரி கறுத்ததே தவிரப் பற்றிக்கொள்ளவில்லை.

"நமத்துப்போனதைத் தலையில கட்டிட்டான் கடைக்காரன்," என்று திட்டிவிட்டு, அதை அப்படியே உள்ளே போட்டு மூடினார்கள்.

பவுன்ராஜ் மெதுவாகக் கேட்டான். "அண்ணாச்சி, உம்ம பேரு என்ன?"

"தவமணி."

"வீட்டுக்காரி பேரு?"

"ராசக்கனி."

"போன வருசம் கச்சேரி ஏன் நின்னுச்சு?"

"நீ பாட்டை மறந்துட்டு மேடையில அழுத."

பவுன்ராஜ் கலங்கிப்போனான். "மெக்கானிக் பொய் சொல்ல மாட்டாரு. பேட்டரியை எடுத்த தவமணி அண்ணாச்சிக்கு ஞாபகம் போயிருக்கணும். இவருக்குப் போகல. அப்ப இவரு அண்ணாச்சி இல்ல!"

"அய்யோ, அப்ப அவரு எங்க?" என்று பதறியவர் தவமணிதான்.

மூன்று பேரும் ஊரெல்லாம் தேடினார்கள். டீக்கடையில் இல்லை, பஸ் ஸ்டாப்பில் இல்லை. தவமணியே அவர் வீட்டுக்குப் போய், "ஏம்மா, தவமணி இங்கன வந்தாரா?" என்று விசாரித்தார்.

ராசக்கனி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னும் வரல. வந்தா வெளக்குமாறு தயாரா இருக்குன்னு சொல்லும்."

கச்சேரி நேரம் வந்துவிட்டது. மேடைக்கு முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் தவமணி மைக்கைப் பிடித்தார்.

"பொதுமக்களே, எங்க தலைவர் தவமணியைக் காணல. மாநிறம், முன்வழுக்கை, நீலக்கட்டம் போட்ட சட்டை. ஞாபகம் இல்லாம எங்கன அலையுதாரோ தெரியல. கண்டவங்க தயவுசெஞ்சு மேடைக்குக் கூட்டிட்டு வாங்க. அவரு வந்தாத்தான் கச்சேரி."

கமிட்டித் தலைவர் எழுந்து கத்தினார். "ஏ கிறுக்குப்பயலே, நீதாண்டே தவமணி!"

"நானும் மத்தியானம் வரைக்கும் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன், அண்ணாச்சி," என்று தவமணி தேம்பித் தேம்பி அழுதார்.