பட்டை விழாத இடம்

அருமைநாயகம் கல்லூரியில் பாடம் நடத்தி, தலை நரைத்த பிறகு ஆய்வு மாணவரானவர். வழிகாட்டி செண்பகவல்லி வயதில் இளையவர். இவர் 'மேடம்' என்பார். அவர் 'சார்' என்பார்.

செல்லின் மேற்புறத்தில் ஏற்பி என்றொரு புரதம் உண்டு. வெளியிலிருந்து சேதி வந்தால் அதில் ஒரு பொட்டு பாஸ்பேட் ஒட்டிக்கொள்ளும். ஏற்பி விழித்துவிட்டதற்கு அதுவே அடையாளம். தன் மருந்து ஏற்பியை எழுப்புகிறது என்பதுதான் அருமைநாயகத்தின் ஆய்வு. அந்தப் பொட்டைக் கண்டால் மட்டும் ஒட்ட வேண்டிய எதிர்ப்பொருள்தான் அவருக்குச் சாட்சி. அது ஒட்டிய இடத்தில், படத்தில் கறுப்பாக ஒரு பட்டை விழும்.

வெள்ளிக்கிழமை கருத்தரங்கு. ஆய்வு தேறுமா என்பது அன்று முடிவாகும். புதன்கிழமையே, அப்படிப்பட்ட இரண்டு எதிர்ப்பொருள்களை வைத்து எடுத்த இரண்டு படங்களோடு வந்தார்.

"இதைப் பாருங்க மேடம், மை தீட்டின மாதிரி! அந்த இன்னொரு எதிர்ப்பொருள் இருக்கே, சுத்தச் சோம்பேறி. கொசு நசுக்கின கறை மாதிரி விழுது. ரெண்டுல எதை நம்பறது?"

கேட்டாரே தவிர, பதிலை அவரே கையில் வைத்திருந்தார்.

செண்பகவல்லி எழுந்தார். மருந்து பட்ட செல்களிலிருந்து எடுத்த மாதிரியில் மீதியிருந்ததை இரண்டு குழாய்களில் பிரித்தார். ஒன்றில் மட்டும் ஒரு நொதியை விட்டார்.

"இது பாஸ்பேட்டை மட்டும் வழிச்சு எடுத்துடும். ஏற்பி அப்படியே இருக்கும். ரெண்டு எதிர்ப்பொருளையும் இதுல வெச்சுப் பாருங்க சார். உங்க சோம்பேறியையும்தான்."

மறுநாள் படங்கள் வந்தன.

மை தீட்டிய எதிர்ப்பொருள் இரண்டு மாதிரியிலும் அதே கறுப்பைக் காட்டியது. பாஸ்பேட் போன பிறகும் பட்டை போகவில்லை. அருமைநாயகம் இரண்டு பட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ இத்தனை நாளும் நான் பார்த்தது?"

"இது பொட்டு இருந்தாலும் இல்லாட்டியும் ஏற்பி மேல ஒட்டுது. உங்க மருந்தால ஏற்பிகள் பெருகியிருக்கு சார். அதைப் பார்த்தீங்க."

"அது விழிச்சதை?"

"பார்க்கலை."

இரண்டாவது படத்தை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. செண்பகவல்லிதான் எடுத்து நீட்டினார். நொதி படாத மாதிரியில் அதே கொசுக் கறை. நொதி பட்டதில் ஒன்றுமில்லை. வெறும் வெள்ளை.

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒரு செல்லுக்குள் எத்தனை ஆயிரம் புரதங்கள் நெருக்கியடிக்கின்றன! அந்தக் கூட்டத்தில் இந்த எதிர்ப்பொருள் அந்த ஒரு பொட்டைத் தேடிப் போய், அது இல்லை என்றதும் எதன் மேலும் ஒட்டாமல் திரும்பியிருக்கிறது.

"இதைப் போய் சோம்பேறின்னு சொன்னேனே மேடம்."

"சொன்னீங்க."

"மருந்து எழுப்பத்தான் செய்யுது. ஆனா கொஞ்சமா."

"கொஞ்சமாத்தான்."

"நாளைக்குச் சபையில எதை முதல்ல காட்டறது? இந்தக் கறையையா?"

செண்பகவல்லி அந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தார்.

"அங்க ஒண்ணுமே இல்லையே மேடம்."

"அதைக் காட்டுங்க சார். அப்புறம் கறையைக் காட்டுங்க, நம்புவாங்க."