கொக்கி தாங்கும் கனம்

ரைஸ்மில் முதலாளி நாச்சிமுத்துவுக்குப் புது எஸ்யூவி வாங்கிய மப்பு இறங்கவேயில்லை. டிரெய்லர் இழுக்க அதன் பின்னால் கொக்கி வேண்டும். அதையும் வீட்டு வாசலிலேயே, ஒரு கீறல் விழாமல் மாட்ட வேண்டும் என்று வெல்டர் மாதையனுக்கு ஆள் அனுப்பினார்.

செத்துப்போன பெண்டாட்டியைச் சுடுகாட்டில் எரித்த சூடு ஆறாத மாதையன் வந்தான். வண்டிக்கு அடியில் படுத்து, போல்ட்டை முறுக்கி, கீறலில்லாமல் கொக்கியை மாட்டினான். மில் டிரெய்லரையும் அதில் கோத்தான்.

வேடிக்கை பார்க்கக் கூடிய சொந்தபந்தங்களைக் கண்டதும் முதலாளிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "ஊர்லயே கனமானது எதுவோ அதைக் கொண்டாந்து ஏத்துடா! என் வண்டி இழுக்கும்!"

மாதையன் தன் வீட்டுக்குப் போய், துணி கட்டிய சின்ன மண்கலயத்தைக் கொண்டுவந்து டிரெய்லரில் வைத்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"இதாடா கனம்?" என்றார் முதலாளி.

"என் சம்சாரத்தோட சாம்பலுங்க. அவ மூச்சுத் திணறிக் கிடந்தப்ப, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உங்ககிட்ட இதே வண்டியைத்தானுங்க கேட்டேன். அவளை ஏத்துனா வண்டி தாங்காதுன்னு சொல்லிப்போட்டீங்க. அவளைவிடக் கனமானது எதுன்னு எனக்குத் தெரியலீங்க."

சாவி முதலாளியின் கையிலேயே இருந்தது; வண்டி நகரவில்லை.

மாதையன் கலயத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு பவானி ஆற்றுக்கு நடந்தான். அது கனக்கவேயில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.