செங்கானைப் பிடித்த தெள்ளுப்பூச்சி

நாய்களும் பூனைகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய முன்னொரு காலத்திலே, வெண்கோட்டை நாட்டை மகுடவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்கு ஒரே மகள், வஞ்சிக்கொடி. அவள் வளர்த்த வேட்டை நாய்க்குச் செங்கான் என்று பெயர். கோட்டைக்குக் கதவே வேண்டாம், செங்கான் போதும் என்று ஊரே சொல்லும். அதைக் கேட்டால் வஞ்சிக்கொடிக்குத் தலைகால் புரியாது.

கோட்டையைப் பறிக்கத் துடித்தான் சடாமுண்டன் என்ற மந்திரவாதி. யானையாக வந்தான்; செங்கான் குரைத்தான், மாயம் கலைந்து மந்திரவாதி ஓடிப்போனான். புலியாக வந்தான், செங்கான் குரைத்தான், ஓடிப்போனான். மூன்றாம் முறை அவன் நேரில் வரவில்லை. யாரோ ஒரு வியாபாரியிடம் பட்டுக் கம்பளம் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். அரசன் அகமகிழ்ந்து அதைச் சிம்மாசனத்தின் முன்னால் விரித்தான். செங்கானும், அரண்மனைப் பூனை மையழகியும் அதன்மேல்தான் படுத்தார்கள்.

அன்று பிடித்தது அரிப்பு. செங்கான் சொறிந்தான், சொறிந்தான், சொறிந்துகொண்டே இருந்தான். மயிரை விலக்கினால் கடுகு கொட்டினாற்போலத் தெள்ளுப்பூச்சி! திட்டுத்திட்டாக மயிர் உதிர்ந்தது. ரத்தம் வற்றி ஈறு வெளுத்தது. சபையில் சிரித்தார்கள்.

"இந்தச் சொறிநாயைக் காட்டில் விட்டுவிடம்மா" என்றான் அரசன்.

"மாட்டேன், அப்பா. நம் வாசலைக் காத்தவன் இவன்."

வேப்பிலை போட்டுக் காய்ச்சிய நீரில் அவளே குளிப்பாட்டினாள். பேன்சீப்பால் வாரினாள். ஒரு பூச்சி இல்லை! ஆனால் கம்பளத்தில் படுத்து எழுந்தால் மறுபடி அத்தனையும் இருந்தன. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறையும் அப்படியே.

"என்னை விட்டுவிடுங்கள், இளவரசி. நிற்கவே முடியவில்லை" என்றான் செங்கான்.

"தலையைத் தொங்கப்போடாதே. நீ சாய்ந்தால் நான் தாங்குகிறேன்."

அப்போது மையழகி சொன்னாள்: "இளவரசி, பூச்சி எங்கள்மேல் முட்டையிடுகிறது. ஆனால் முட்டை மயிரில் ஒட்டுவதில்லை, உதிர்ந்துவிடுகிறது. எங்கே உதிர்கிறது என்று பாருங்களேன்."

வஞ்சிக்கொடி கம்பளத்தைப் புரட்டினாள். உப்புத்தூள்போல வெள்ளை முட்டைகள்! நூல் நூலாக நெளியும் புழுக்கள்! நடுவிலே எலி அளவுக்குக் கொழுத்த ஒரு பூச்சி, சடாமுண்டனின் குரலில் கொக்கரித்தது: "நாயின் கடைசிச் சொட்டு ரத்தமும் எனக்குள் இறங்கட்டும். கோட்டை என்னுடையது!"

அவள் யாரையும் கூப்பிடவில்லை. கம்பளத்தை அப்படியே சுருட்டி, முற்றத்துக்கு இழுத்துப்போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டாள்.

"ஐயோ, பட்டுக் கம்பளம்!" என்று பதறி ஓடிவந்தான் அரசன்.

முட்டைகள் படபடவென்று வெடித்தன. தாடி கருகச் சடாமுண்டன் தீயிலிருந்து துள்ளி எழுந்து, அரசனின் கழுத்தைப் பிடித்தான். செங்கானின் கால்கள் நடுங்கின. வஞ்சிக்கொடி அவன் விலாவைத் தாங்கிக்கொண்டாள். அவன் குரைத்தான். ஒரே குரைப்பு! மாயம் அறுந்தது. சடாமுண்டன் ஒருபிடிச் சாம்பலாக உதிர்ந்தான்.

அரசன் செங்கானின் முன் மண்டியிட்டான். பிறகு மகளைப் பார்த்து, "என்ன வேண்டும், கேள்" என்றான்.

"நகர்வலத்தில் உங்களுக்கு முன்னால் செங்கான் நடக்கவேண்டும்."

"மயிர் முளைக்கட்டுமே, அம்மா."

"இன்றைக்கே, அப்பா. இப்படியே."

முரசு அதிர்ந்தது. எலும்பு தெரிய, சொட்டைத் தோலோடு, நிமிர்ந்த தலையோடு செங்கான் முன்னால் நடந்தான். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தெருவெல்லாம் அவன் பேரைச் சொல்லி ஆர்ப்பரித்தது. நெஞ்சு விம்ம, கண் நிறைய, வஞ்சிக்கொடி அவன் பின்னால் நடந்தாள்.

அதுமுதல் வெண்கோட்டையில் நாயும் பூனையும் படுக்கும் பாயெல்லாம் தவறாமல் வெயில் கண்டன. அவர்கள் வாழ்ந்தார்கள் சுகமாக. கேட்ட நீங்களும் வாழுங்கள் அப்படியே!