வெளிர் மஞ்சள் குழாய்

“இந்தத் தடைப் புரதத்தைப் பத்தி இனி ஒரு வரி படிக்க மாட்டேன் மேடம். ஆராய்ச்சியை விட்டு நான் நின்னுக்கிறேன்” என்றாள் தில்லைநாயகி.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. இருபது வருடம் பள்ளியில் விலங்கியல் நடத்திவிட்டு, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருந்தாள். அவளுடைய வழிகாட்டி எவாஞ்சலினுக்கு முப்பத்துமூன்று.

“என்ன ஆச்சு அக்கா?”

“சனிக்கிழமை மத்தியானம் மட்டும் போ, அஞ்சு மணிக்கு வீட்டுல இருக்கணும்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். மூணு மணி நேரத்துல யார் ஆராய்ச்சி பண்ணுவா? இங்க வந்தாலும் அதே கதை. பால் சர்க்கரையைச் செரிக்கிற மரபணு பாக்டீரியாவுக்குள்ள முழுசா இருக்கு. அது மேல ஒரு புரதம் உட்கார்ந்துக்கிட்டு வேலை செய்ய விடாது. வீட்டுல பாக்கறது போதும்.”

எவாஞ்சலின் சமாதானம் சொல்லவில்லை. இரண்டு கண்ணாடிக் குழாய்களை எடுத்து வைத்தாள்.

“இதுல இருக்கிற பாக்டீரியாவுல அந்த மரபணுவையே நீக்கியாச்சு. அதுல மரபணுவும் இருக்கு, தடையும் இருக்கு. ரெண்டுலயும் பால் சர்க்கரை கிடையாது. செரிக்கிற நொதி இருந்தா இந்த ரசாயனம் மஞ்சளாகும். விட்டுப் பாருங்க.”

“தடை இருக்கும்போது எப்படி ஆகும்?”

“பாருங்க.”

வேண்டாவெறுப்பாக விட்டாள். ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள்.

முதல் குழாய் நிறம் மாறவில்லை. இரண்டாவதை வெள்ளைத் தாளின் முன்னால் பிடித்தாள். வெளிர் மஞ்சள்.

“கை தப்பு பண்ணிடுச்சு” என்று சொல்லி, புதிதாக இரண்டு குழாய்கள் வைத்தாள்.

இன்னொரு மணி நேரம் கழித்தும் இரண்டாவதில் அதே வெளிர் மஞ்சள்.

“தடை வேலை செய்யலையா?”

“நல்லாவே செய்யுது. எப்பவாவது ஒரு நொடி பிடி நழுவும். அது திரும்பி வந்து உட்கார்றதுக்குள்ள நாலஞ்சு நொதி உண்டாயிடும்.”

“நாலஞ்சு!” தில்லைநாயகியின் குரல் கசந்தது. “அதை வச்சு என்ன பண்ண? ஜெயிச்சது தடைதானே?”

“தடையை இறக்கறது எது அக்கா?”

“பால் சர்க்கரை. உள்ளே வந்து தடையைக் கழட்டும். இதெல்லாம் நானே பாடம் எடுத்திருக்கேன்.”

“உள்ளே எப்படி வரும்?”

“அதுக்குக் கதவு மாதிரி ஒரு புரதம் இருக்கு.”

“அந்தக் கதவைச் செய்யற மரபணு எங்க இருக்கு?”

“இதே வரிசையில…”

பாதியில் நிறுத்தினாள். கதவும் அந்தத் தடைக்குக் கீழேதான். தடை இறங்காமல் கதவு இல்லை. கதவு இல்லாமல் சர்க்கரை வராது. சர்க்கரை வராமல் தடை இறங்காது.

“அப்போ முதல் கதவு எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டாள்.

“பிடி நழுவற அந்த ஒரு நொடியில” என்று எவாஞ்சலின் வெளிர் மஞ்சள் குழாயை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

தில்லைநாயகி அதைத் திரும்பவும் வெள்ளைத் தாளின் முன்னால் பிடித்தாள். மேசையில் கைபேசி அடித்தது. கணவர்.

“கிளம்பிட்டியா?”

“இல்ல.”

“மணி என்ன ஆகுது தெரியுமா? எப்ப வருவ?”

அவள் இன்னொரு குழாயை எடுத்துத் தாங்கியில் நிறுத்தினாள்.

“வேலை முடிஞ்சதும்.”